மலையகத் தாய்மையின் வரலாறு – 17: போட ஒருவர், எடுக்க யார்?

தோட்டப்புறத்தில் நிரந்தரக் கருத்தடை வேரூன்றிய கதையைச் சென்ற அத்தியாயத்தில் 1980கள் வரை கொண்டுவந்து நிறுத்தியிருந்தோம். அதே பத்தாண்டில்தான் வேறொரு முறை இலங்கைக்குள் நுழைந்தது. மேற்கையின் உட்புறத்தில், தோலுக்குச் சற்றுக் கீழே செருகி வைக்கப்படும் மெல்லிய குழாய்கள். அவற்றிலிருந்து நாள்தோறும் சிறிது சிறிதாகக் கசியும் ஹோர்மோன். ஐந்து வருடத்துக்குக் கருத்தரிக்கும் பயமில்லை. முதலில் ஆறு குழாய்களாக நோர்பிளாண்ட் என்ற பெயரில் வந்தது, பின்னர் இரண்டே குச்சிகளாகச் சுருங்கி ஜடெல் ஆயிற்று. மருத்துவ நூல்கள் இதை மீளக்கூடிய முறைகளின் வரிசையில் வைக்கின்றன. எடுத்துவிட்டால் கருத்தரிக்கும் ஆற்றல் விரைவில் திரும்பிவிடுகிறது என்பதால் அந்த வரிசைப்படுத்தலில் பிழையில்லை. ஆனால் கண்டியைச் சூழ்ந்த மலைகளின் வரலாற்றை வைத்துப் பார்த்தால் அது பாதி உண்மைதான் என்பதே இந்த அத்தியாயத்தில் நான் நிறுவ விரும்பும் செய்தி. மாத்திரையை ஒரு பெண் நாளைக் காலையே நிறுத்திவிடலாம். மூன்று மாத ஊசியை அடுத்த தவணை போடாமல் விட்டுவிடலாம். கைக்குள் இருக்கும் குச்சியை அவள் தானாக எடுக்க முடியாது. அதற்குப் பயிற்சி பெற்ற வைத்தியர் ஒருவர் வேண்டும், கிருமி நீக்கிய கருவி வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த வைத்தியர் சம்மதிக்க வேண்டும். எனவே இந்த முறை மீளக்கூடியதா என்ற கேள்விக்கு மருந்து மட்டும் விடை சொல்லிவிடாது. அந்தப் பெண்ணுக்கும் சுகாதார நிறுவனத்துக்கும் இடையே என்ன உறவு இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் விடை சொல்லும்.

அந்த உறவு தோட்டங்களில் எப்படி அமைந்தது என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையை வணிகப் பயிராக வளர்த்த நாளிலிருந்து, தோட்டத் தொழிலாளியின் உடல்நலம் அவளுக்கு வேலை கொடுத்தவரின் பொறுப்பாகவே வளர்ந்தது. 1912-இன் மருத்துவத் தேவைகள் சட்டம் அந்தப் பொறுப்பைத் தோட்ட முதலாளிகள்மீது சட்டமாகவே சுமத்தியது. 1939-இன் மகப்பேற்று நன்மைகள் சட்டம் பிரசவ காலக் கொடுப்பனவையும் அவர்களிடமே கேட்டது. பார்வைக்கு இவை நன்மையான ஏற்பாடுகள். பல உயிர்களைக் காப்பாற்றியும் இருக்கின்றன. ஆனால் அவற்றின் விளைவு ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிஸ்பென்சருக்கும் தோட்டத்து மருத்துவ மாதுக்கும் சம்பளம் கொடுத்தவர் துரை, அதாவது தோட்ட நிர்வாகி. வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவை நடத்தியவரும் துரை. ஒரு பெண் கர்ப்பமானால் அவள் கொழுந்து பறிக்காத நாட்களுக்குக் காசு கொடுக்க வேண்டியவரும் அவரே. கிராமத்துப் பெண் ஒருத்தி பிள்ளை பெறுவதால் அவளுடைய சுகாதார வைத்திய அதிகாரிக்கு எந்த நட்டமும் கிடையாது. தோட்டத்துப் பெண்ணின் பிரசவமோ நிர்வாகத்தின் கணக்குப் புத்தகத்தில் செலவாக ஏறியது. வைத்தியமும் வேலையும் ஒரே கையில் இருந்த இந்த ஏற்பாடுதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அடித்தளம். ஆட்கள் போதாத காலத்தில் அதே கை பிள்ளைகள் பிறப்பதை வரவேற்றது. ஆட்கள் மிஞ்சிய காலத்தில் பிறப்பைக் குறைக்க விரும்பியது.

கொழும்பில் நடந்த கதை வேறு. கனடாவில் பிறந்து இலங்கையைத் தன் ஊராக்கிக்கொண்ட டாக்டர் மேரி ரட்ணம் 1937-இல் கருத்தடை ஆலோசனைக்கென ஒரு கிளினிக்கைத் தொடங்கினார். எதிர்ப்புக்கு நடுவே அது நெடுநாள் நிலைக்கவில்லை. 1953-இல் சில்வியா பெர்னாண்டோ போன்றவர்களின் முயற்சியால் குடும்பத் திட்டச் சங்கம் பிறந்தது. மகப்பேற்று நிபுணரான டாக்டர் சிவா சின்னத்தம்பி அதன் முன்னோடிகளுள் ஒருவர். இவர்கள் பெண்கள் படும் பாட்டைக் கண்டு, பெண்கள் கேட்டதற்குப் பதிலாக வேலை செய்தவர்கள். அவர்களுடைய நோக்கத்தை ஐயப்பட எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. ஆனால் 1958-இல் சுவீடன் அரசு இலங்கை அரசுடன் சேர்ந்து ஒரு முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியபோது, அதற்காகத் தேர்ந்த இரண்டு இடங்களில் ஒன்று களுத்துறைப் பக்கத்துக் கிராமப் பகுதியான பண்டாரகம, மற்றது மத்திய மாகாணத்து மலைமீதிருக்கும் டயகமத் தோட்டம். ஒரு நாட்டரசு இன்னொரு நாட்டரசுக்குக் குடும்பக்கட்டுப்பாட்டுக்கென்று வழங்கிய உலகின் முதல் உதவிகளுள் இதுவும் ஒன்று. தோட்டம் ஆய்வுக்கு வசதியான இடம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மக்கள் லயன்களில் வரிசையாக வாழ்ந்தார்கள். அவர்களின் பெயர்கள் செக்ரோல் எனும் வேலைப் பதிவேட்டில் இருந்தன. யாரை எப்போது எங்கே சந்திக்கலாம் என்பது காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்திலேயே தெரிந்துவிடும். அங்கே நுழைய ஒருவரின் அனுமதி போதும், அந்த ஒருவர் தோட்டத்துத் துரை. பண்டாரகமவில் கிராமத்தாரின் இணக்கத்தை வீடுவீடாகத் தேட வேண்டியிருந்தது. டயகமவில் கதவைத் திறந்துவிடுபவர் வேறொருவராக இருந்தார்.

1965-இல் குடும்பக்கட்டுப்பாடு அரசின் கொள்கையாகி, சில ஆண்டுகளில் தாய் சேய் நலச் சேவையோடு இணைந்தது. நாட்டின் பிற பகுதிகளில் இது மருத்துவ மாதின் வழியாக, வீட்டு வாசலுக்கு வந்து பேசும் சேவையாக வளர்ந்தது. இலங்கையின் மிகச் சிறந்த பொதுச் சாதனைகளுள் அதையும் ஒன்றாகக் கருதுகிறேன். தோட்டங்கள் அந்த வளர்ச்சிக்கு வெளியே நின்றன. 1970களின் முற்பகுதியில் உணவுத் தட்டுப்பாடு மலையகத்தைச் சூறையாடியபோது தோட்டங்களில் குழந்தை இறப்பு வீதம் தேசிய சராசரியைவிட இரு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. 1972-இலும் 1975-இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. முதலாளி மாறினார், ஏற்பாடு மாறவில்லை. 1980-இல் நிரந்தரக் கருத்தடை செய்துகொள்பவர்களுக்கு அரசு பணக் கொடுப்பனவைத் தொடங்கியது. 100 ரூபாயில் ஆரம்பித்த அது பின்னர் 500 ரூபாய் வரை போனது. இழந்த நாட் சம்பளத்துக்கும் போக்குவரத்துக்கும் ஈடு என்று அரசு விளக்கியது. நகரத்து எழுதுவினைஞர் ஒருவருக்கு அது ஈடாக இருந்திருக்கலாம். ஆணுக்குச் சமமான சம்பளத்தையே 1984-இல்தான் கண்ட தோட்டத்துப் பெண்ணுக்கு அது பல வாரச் சம்பளம். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் மதராஸ் மாநிலம் 1950களிலேயே இப்படிப் பணம் கொடுக்கத் தொடங்கியிருந்தது; ஏழைக்கு முன்னால் வைக்கப்படும் பணம் அவளுடைய முடிவை எப்படி அழுத்தும் என்பது அங்கே அதற்குள் தெரிந்திருந்த பாடம். தேசியக் குடியியல் மற்றும் சுகாதார ஆய்வுகள் ஒவ்வொன்றும் ஒரே வடிவத்தைக் காட்டின. நகரத்தையும் கிராமத்தையும்விடத் தோட்டத்தில் நிரந்தரக் கருத்தடையின் பங்கு மிக அதிகம். மாத்திரை, கருப்பைக்குள் வைக்கும் லூப் போன்ற தற்காலிக முறைகளின் பங்கு குறைவு. மானிடவியலாளர் சசிகுமார் பாலசுந்தரம் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, தேயிலைத் தோட்டங்களில் நடந்த கருத்தடை அத்துமீறல்களை அந்த மக்களின் வாய்மொழியோடு பதிவு செய்திருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமான மறுப்பு. பெண்களே கேட்டுத்தானே செய்துகொண்டார்கள் என்பார்கள். விடியற்காலையில் எழுந்து, சமைத்து, பிள்ளையைக் காம்பராவில் விட்டு, மலையேறி, கூடையோடு நாள் முழுவதும் நின்று, திரும்பி வந்து விறகுக்கும் தண்ணீருக்கும் அலைந்த ஒரு தாய், மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு போதும் என்று முடிவெடுத்ததை யார் குறை கூற முடியும்? எவரும் முடியாது. அந்த முடிவு அறிவார்ந்தது, அவளுடையது. ஆனால் ஒருத்தி போதும் என்று சொன்னாள் என்பதற்கும், போதும் என்பதற்கு அவள்முன் ஒரே ஒரு வழி வைக்கப்பட்டது என்பதற்கும் இடையே தூரம் உண்டு. தற்காலிக முறைகளுக்குத் தொடர்ந்து வரும் மருத்துவ மாது வேண்டும், தவணை தவறாத விநியோகம் வேண்டும், பக்கவிளைவு வந்தால் தன் மொழியில் கேட்டுப் பதில் சொல்ல ஆள் வேண்டும். இவற்றை ஆண்டுக்கணக்கில் கொடுப்பதைவிடத் தோட்டத்து வாகனத்தில் ஒருநாள் வைத்தியசாலைக்கு அனுப்பி வைப்பது நிர்வாகத்துக்கு எளிது. தேர்வு அவளுடையதாக இருந்தது, தேர்வுப் பட்டியல் அவளுடையதாக இல்லை. மறுபக்கத்தில், மலையகத் தமிழரின் தொகை சுருங்கியதற்குக் கருத்தடையே காரணம் என்று சிலர் எழுதுவதையும் ஏற்க முடியவில்லை. 1963-இல் ஏறக்குறைய 11 இலட்சமாக இருந்த தொகை 1981-இல் 8 இலட்சத்து 18 ஆயிரமாகக் குறைந்ததற்கு முதற்காரணம் 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். மக்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றிய அரசியலின் பழியைச் சத்திரசிகிச்சைக் கூடத்தின்மீது ஏற்றினால் இரண்டு அநீதிகளுமே மங்கிப்போகும்.

இந்தப் பின்னணியில் நோர்பிளாண்டின் வருகையைப் பார்ப்போம். சிலிக்கோன் ரப்பர் வழியே சில மருந்துகள் மெதுவாகவும் சீராகவும் ஊடுருவி வெளியேறும் என்பது 1960களின் நடுப்பகுதியில் கண்டறியப்பட்டது. நியூயோர்க்கின் பொப்புலேஷன் கவுன்சிலைச் சேர்ந்த ஷெல்டன் சீகலும் சிலி நாட்டு வைத்தியர் ஹோராசியோ குரொக்ஸாட்டோவும் அந்தப் பண்பைக் கருத்தடைக்குப் பயன்படுத்த முயன்றார்கள். பல ஹோர்மோன்களைச் சோதித்த பிறகு லெவோநோர்ஜெஸ்ட்ரெல் தேறியது. தலா 36 மில்லிகிராம் மருந்து நிரப்பிய ஆறு குழாய்கள். கருப்பை வாயின் சளியைத் தடிப்பாக்கி விந்தணுவைத் தடுப்பதும், பல மாதங்களில் முட்டை வெளியாவதையே நிறுத்துவதும் அவற்றின் வேலை. பின்லாந்தில் தயாரான அதற்கு 1983-இல் அந்த நாடே முதலில் அனுமதி கொடுத்தது. இலங்கைக்கு அது 1980களில் பரிசோதனையாக வந்தது. குடும்பத் திட்டச் சங்கத்தின் மருத்துவப் பணிப்பாளர் டாக்டர் ஸ்ரீயானி பஸ்நாயக்கவும் சக ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 1988-இல் வெளியாயின. உலக சுகாதார நிறுவனமும் பொப்புலேஷன் கவுன்சிலும் பிறரும் இணைந்து எட்டு நாடுகளில் ஒரு பெரும் கண்காணிப்பை நடத்தின. பங்களாதேஷ், சிலி, சீனா, கொலம்பியா, எகிப்து, இந்தோனேசியா, தாய்லாந்து ஆகியவற்றோடு இலங்கையும் அதில் இருந்தது. 32 கிளினிக்குகளில் 16,021 பெண்கள். அவர்களுள் 7,977 பேர் நோர்பிளாண்ட் போட்டவர்கள், மற்றவர்கள் லூப் போட்டவர்களும் நிரந்தரக் கருத்தடை செய்தவர்களும். ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்ததில் பெரிய நோய்களின் அபாயம் கூடியதாகத் தெரியவில்லை, தவறிக் கருத்தரித்தவர்கள் மிகச் சிலர். ஜடெல் இதன் வழிவந்தது: தலா 75 மில்லிகிராம் கொண்ட இரண்டு குச்சிகள், அதே ஐந்து ஆண்டு. முதல் மாதத்தில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 மைக்ரோகிராம் கசியும். இரண்டு ஆண்டுகளில் அது 30 அளவுக்கு இறங்கி நிலைகொள்ளும். இவ்வளவு சிறிய அளவில் இவ்வளவு நீண்ட காலம் வேலை செய்யும் மருந்து இன்னொன்றைக் காண்பது அரிது. அதைக் கண்டுபிடித்தவர்களின் திறமையை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் ஆய்வு நிரூபித்தது எதை என்று துல்லியமாகக் கேட்க வேண்டும். நன்கு பயிற்சி பெற்றவர்கள் போட்டு, தவணை தவறாமல் பின்தொடர்ந்து, கேட்டபோது எடுத்துவிடும் கிளினிக்குகளில் இந்த முறை பாதுகாப்பானது என்பதையே அது நிரூபித்தது. ஆய்வு முடிந்து திட்டமாக விரிந்தபோது முதலில் கழன்றுபோவது அந்தக் கடைசி நிபந்தனைதான். உலகிலேயே அதிகமாக நோர்பிளாண்ட் போட்ட நாடான இந்தோனேசியாவில், போடுவதற்குப் பயிற்சி பெற்றவர்கள் நிறைய இருந்தார்கள், எடுப்பதற்குப் பயிற்சி பெற்றவர்கள் குறைவு. ஐந்தாண்டு முடியும் வரை எடுக்க முடியாது என்று திருப்பியனுப்பப்பட்ட பெண்களின் கதைகள் அங்கிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்தன. டாக்காவில் ஃபரிதா அக்தரும் அவருடைய உபினிக் அமைப்பும் அதை உலகறியச் செய்தார்கள். 1995-இல் பிபிசி அதை ஆவணப்படமாகவே எடுத்தது. ஏழை நாடுகளில் மட்டும் இது நடந்தது என்றும் எண்ண வேண்டாம். 1990 டிசம்பர் 10-இல் அமெரிக்கா நோர்பிளாண்டை அனுமதித்தது. இரண்டே நாளில் பிலடெல்பியாவின் பெரிய நாளேடு ஒன்று வறுமையைக் குறைக்க இது உதவுமா என்று ஆசிரியர் தலையங்கம் எழுதியது. அடுத்த மாதமே கலிபோர்னியாவில் ஒரு நீதிபதி, குற்றவாளியாகக் காணப்பட்ட ஒரு தாய்க்குத் நன்னடத்தைக் கண்காணிப்பின் நிபந்தனையாக அதைப் போடச் சொன்னார். வற்புறுத்தலுக்குத் தன் கண்டுபிடிப்பைப் பயன்படுத்துவதை ஷெல்டன் சீகல் வெளிப்படையாகவே எதிர்த்தார். ஒரே மருந்து, மூன்று நாடுகள், ஒரே சரிவு: ஒரு பெண்ணின் கருப்பையைப் பற்றி வேறொருவர் முடிவெடுக்க விரும்பினால், அவளே கழற்ற முடியாத முறையைத்தான் அவர் நாடுகிறார்.

கண்டிக்குத் திரும்புவோம். இந்த நகரத்தைச் சுற்றி வைத்தியத்துக்குப் பஞ்சமில்லை. கண்டித் தேசிய வைத்தியசாலை, 1962-இல் தொடங்கிய மருத்துவ பீடத்தோடு இணைந்த பேராதனை வைத்தியசாலை, கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் பெரிய வைத்தியசாலைகள், ஒவ்வொரு பிரிவிலும் சுகாதார வைத்திய அதிகாரியின் கிளினிக். ஆனால் தெல்தோட்டைக்கு மேலேயோ மடுல்கலைக்கு அப்பாலோ உள்ள ஒரு லயனிலிருந்து பார்த்தால் தூரம் வேறு மாதிரி அளக்கப்படும். கிளினிக் நாள் வேலை நாளாக இருந்தால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போகும். 2021-இல் பெரும் போராட்டத்துக்குப் பின் நாட்சம்பளம் 1,000 ரூபாயானது. அதைப் பெற நிர்ணயித்த கிலோ கொழுந்து பறித்தாக வேண்டியிருந்தது, குறைந்தால் அரைப்பேர். போட்டுக்கொள்ள ஒரு நாளை இழந்த பெண், இரத்தப்போக்குப் பற்றிக் கேட்க இன்னொரு நாளையும் எடுத்துவிட மற்றுமொரு நாளையும் இழக்க வேண்டும். போடும் நாளில் அழைத்துப்போக ஆள் இருக்கும். எடுக்கப்போகும் நாளில் அவள் தனியாகப் பஸ் ஏற வேண்டும். அங்கே போன பிறகு மொழி என்ற தடை. 1987-இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. மத்திய மாகாணக் கிளினிக்குகளில் தமிழ் பேசும் மருத்துவ மாதர் இன்னமும் போதாது. எடுத்துவிடுங்கள் என்று கேட்பதற்கு ஒரு வாக்கியம் போதும். இன்னும் ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள் என்று வைத்தியர் சொல்லும்போது, ஏன் பொறுக்க முடியாது என்று விளக்குவதற்கோ நிறையச் சொற்கள் வேண்டும்.

இரத்தப்போக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெண்கள் இந்தக் குச்சியை எடுத்துவிடக் கேட்பதற்கு உலகெங்கும் முதற்காரணம் அதுதான். லெவோநோர்ஜெஸ்ட்ரெல் மாதவிடாயின் ஒழுங்கைக் குலைத்துவிடும். சிலருக்கு மாதக்கணக்கில் வராது, சிலருக்குத் துளித்துளியாக வாரக்கணக்கில் நீடிக்கும், சிலருக்கு எப்போது வரும் என்றே தெரியாது. பெரும்பாலானவர்களுக்கு மொத்த இழப்பு குறைவதால் இரத்தசோகை கூடுவதில்லை என்று மருத்துவர்கள் சொல்வது சரிதான். அதைக் கொண்டு இது சாதாரணப் பக்கவிளைவு என்று முடிப்பதுதான் சரியில்லை. காலை முதல் மாலை வரை மலைச்சரிவில் நிற்பவளுக்கு, அருகே மலசலகூடமோ தண்ணீரோ இல்லாத இடத்தில், எந்த நேரமும் வரக்கூடிய இரத்தம் சாதாரண விஷயமில்லை. பூசைக்கும் கோயிலுக்கும் போக முடியாமல், சமையலறையில் கைவைக்கத் தயங்கி, கணவனோடும் மாமியாரோடும் சச்சரவுக்கு ஆளாகி அவள் கழிக்கும் வாரங்களை எந்த மருத்துவப் படிவமும் கேட்பதில்லை. ஹீமோகுளோபின் அளவு சரியாக இருக்கிறது என்பது அவளுடைய கேள்விக்கு விடையாகாது. தனக்கு இது தாங்கவில்லை என்று அவள் சொன்னால் அதுவே எடுப்பதற்குப் போதுமான மருத்துவக் காரணம்.

எடுக்கும் உரிமை இல்லாமல் போடும் வேகம் மட்டும் இருந்தால் என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு, மலையகத்தில் நடக்காவிட்டாலும் மலையகம் கூர்ந்து படிக்க வேண்டிய சான்று. 2013 ஆகஸ்ட் 31-இல் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகிய கரையோரக் கிராமங்களில், சிறு பிள்ளைகளின் நலனுக்கென்று அழைக்கப்பட்ட தாய்மாருக்குத் தோலின் கீழ் வைக்கும் கருத்தடைக் குச்சிகள் போடப்பட்டன. சோஷல் ஆர்க்கிடெக்ட்ஸ் என்ற அமைப்பு அடுத்த மாதமே அதை அறிக்கையாக வெளியிட்டு, விளக்கமும் சுதந்திரமான சம்மதமும் இல்லாமல் பெண்கள் நெருக்கப்பட்டார்கள் என்று குற்றஞ்சாட்டியது. சுகாதாரத் தரப்பு வற்புறுத்தலை மறுத்தது. போர் முடிந்து நான்கு ஆண்டு, இராணுவம் சூழ்ந்த பிரதேசம், அரச உத்தியோகத்தருக்கு எதிராக வாய் திறக்கத் தயங்கும் மக்கள்: அத்தகைய இடத்தில் ஒரு பெண் சரி என்று தலையாட்டியதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது எவ்வளவு எளிது என்பதே என்னுடைய கவனத்தில் நிற்கிறது. தோட்டத்துப் பெண்ணின் முன்னால் துப்பாக்கி இல்லை. ஆனால் வீடும் வேலையும் வைத்தியமும் ஒரே நிர்வாகத்திடமிருந்து வருமானால் அவளும் தலையாட்டவே பழகியிருப்பாள்.

இதைப் பேசுவதே ஆபத்து என்று ஒரு மறுப்பு வரும். கண்டியில் அந்த அச்சத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில், சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்ற பொய் முஸ்லிம்களின் கடையையும் பள்ளிவாசலையும் தாக்க வைத்தது; ஒரு வாரத்துக்குள் கண்டி மாவட்டத்தின் திகனவும் தெல்தெனியவும் எரிந்தன. அப்படி ஒரு மாத்திரை உலகில் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்ல வேண்டி வந்தது. கருத்தடை பற்றிய ஒவ்வொரு குற்றச்சாட்டையும் ஓர் இனம் மற்றோர் இனத்தின்மீது எறியும் கல்லாக மாற்றுபவர்கள் இருக்கும் நாட்டில் எச்சரிக்கையோடுதான் எழுத வேண்டும். ஆனால் மௌனம் அந்தப் பொய்யை அணைக்காது. மலட்டு மாத்திரைக் கதையை மக்கள் நம்பியதற்கு ஒரு காரணம், கருத்தடை என்றால் யாரோ நமக்குத் தெரியாமல் நமக்குச் செய்வது என்ற எண்ணம் பல சமூகங்களில் ஆழப் பதிந்திருப்பது. கேட்ட அன்றே எடுத்துவிடும் கிளினிக் ஒன்று ஊருக்குள் இருந்து, எடுத்துவிட்டுப் பிள்ளை பெற்ற பெண்கள் அங்கே நடமாடினால், அந்த எண்ணத்துக்கு அதைவிட வலுவான மறுப்பு கிடையாது. வதந்திக்குப் பயந்து குறைகளை மூடிவைக்கும் சுகாதாரச் சேவை வதந்திக்குத்தான் இடங்கொடுக்கிறது.

இன்னொரு மறுப்பையும் பார்த்துவிட வேண்டும். அதுவே எல்லாவற்றிலும் கனமானது. இருபத்தைந்து வயதில் கருக்குழாயைக் கட்டிக்கொள்வதைவிட ஐந்தாண்டுக் குச்சி எவ்வளவோ மேல், அதைப் பற்றி ஐயங்களை எழுப்பினால் பெண்கள் மறுபடி நிரந்தரக் கருத்தடைக்கோ, ஒளிவுமறைவான கருக்கலைப்புக்கோ தள்ளப்படுவார்கள் என்பது அந்த மறுப்பு. நான் இதை முழுமையாக ஏற்கிறேன், என் வாதமும் இதிலிருந்துதான் தொடங்குகிறது. தோட்டத்துப் பெண்ணுக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டது திரும்பி வரக்கூடிய ஒரு வழி. மாதாமாதம் மாத்திரை தேடி மலையிறங்க முடியாதவளுக்கு ஜடெல் அந்த வழியைத் தரக்கூடும். முதல் பிள்ளைக்கும் இரண்டாவதுக்கும் இடையே ஐந்து வருட மூச்சு கிடைத்தால் அவளுடைய உடலும் கைக்குழந்தையும் தேறும். ஆனால் அந்தப் பயன் முழுவதும் எடுக்க முடியும் என்ற ஒரே உறுதியின்மேல் நிற்கிறது. நிலத்துக்குச் சொந்தமில்லாத, அண்மைக் காலம் வரை குடியுரிமையே இல்லாதிருந்த ஒரு சமூகத்தில், பெண்ணின் உடலுக்குள் வைக்கப்பட்ட பொருள்மீது அவளுக்கு அதிகாரம் இல்லையென்றால், நிரந்தரக் கருத்தடையை ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரித்துக் கொடுத்ததாகவே ஆகும். 2022-இன் பொருளாதார நெருக்கடியில் கருத்தடைப் பொருட்கள் இறக்குமதிக்கு டொலர் இல்லாமல் தட்டுப்பாடானபோது, புதிதாகப் போடுவது குறைந்தது செய்தியானது. காலம் முடிந்த குச்சியோடு இருப்பவளுக்கும் அதே நெருக்கடி நேர்ந்தது: எடுக்கும் நாளில் மாற்றுக் குச்சி இல்லையென்றால் அவள் பாதுகாப்பில்லாமல் வீடு திரும்ப வேண்டும், அல்லது வலுக்குறைந்த குச்சியோடு காத்திருக்க வேண்டும்.

குடும்பக்கட்டுப்பாட்டுக் கணக்குகளில் எப்போதும் முன்வரிசையில் நிற்பது புதிதாக ஏற்றுக்கொண்டவர்களின் தொகை. 1980களில் நிரந்தரக் கருத்தடைக்கும் அதுவே வெற்றியின் அளவுகோலாக இருந்தது, அந்த அளவுகோல்தான் தோட்டத்து வாகனங்களை வைத்தியசாலைக்கு ஓட்டியது. 1994-இல் கெய்ரோவில் கூடிய மாநாட்டில் உலக நாடுகள் இலக்கு எண்களைக் கைவிட்டுப் பெண்ணின் விருப்பத்தை மையமாக்குவதாக ஒப்புக்கொண்டன. இலங்கையும் அதில் ஒரு தரப்பு. அந்த ஒப்புதலைக் கண்டி மாவட்டத்துக் கிளினிக் ஒன்றின் பதிவேட்டில் எழுதினால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். போட்டவர்களின் எண்ணுக்குப் பக்கத்தில் எடுத்தவர்களின் எண் இருக்க வேண்டும். எடுக்கக் கேட்ட திகதிக்கும் எடுத்த திகதிக்கும் இடையே எத்தனை நாள் என்று இருக்க வேண்டும். காலம் முடியுமுன் எடுக்கக் கேட்டவர்களைத் தோல்வியாகக் கணக்கிடாமல், கேட்டது கிடைத்தவர்களாகக் கணக்கிட வேண்டும். கையில் கொடுக்கும் அட்டையில் எடுக்க வேண்டிய திகதியும், விரும்பினால் அதற்கு முன் எந்த நாளிலும் எடுக்கலாம் என்பதும் தமிழில் அச்சாகியிருக்க வேண்டும். தோட்டத்து வேலை இல்லாத நாளில் எடுக்கும் கிளினிக் நடக்க வேண்டும்; வேலை நாளென்றால் அந்த நாளின் பேரை நிர்வாகம் போட வேண்டும். தொழிற்சங்கங்கள் இதையும் நிர்வாகங்களுடனான பேச்சில் கேட்கலாம். இதுவரை அந்த மேசையில் பேசப்பட்டது பெரும்பாலும் சம்பளம். 2013 ஆகஸ்ட் இறுதியில் வேரவிலில் போடப்பட்ட குச்சிகளின் காலம் 2018 ஆகஸ்டில் முடிந்தது. எந்த வைத்தியர், எந்த நாளில், எந்த வாகனத்தில் போய் அவற்றை எடுப்பார் என்பது போட்ட நாளிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டிய விஷயம். தோட்டத்துக் கிளினிக்குகளில் இன்று போடப்படும் ஒவ்வொரு ஜடெலுக்கும் அதே கேள்வி உண்டு, பதில் எழுத ஐந்து ஆண்டு அவகாசமும் உண்டு.